எங்கே போகிறீர்கள் என்று கேட்கும் சம்பந்தி

என் சம்பந்தி அம்மா ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே, புறப்பட்டுப் போன என்னைத் திரும்பவும் கதிரையில் இருத்திவிட்டார். அதற்கு அவருக்கு ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

கண் டொக்டரிடம் போகவேண்டிய நாள் அது. சப்பாத்துப் போட்டு, கோட்டின் ஆறு பொத்தான்களையும் பூட்டி, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு கதவில் கை வைத்தேன். சமையலறை மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“கெ மோ எர் கெர்?”

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மருமகள் சிரித்தபடி சொன்னாள்: “எங்க போறீங்க எண்டு அம்மா கேக்கிறா, மாமா.”

நான் சப்பாத்தைக் கழற்றினேன். கோட்டையும் கழற்றினேன். கதிரையில் போய் இருந்தேன். என் மனைவி ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, எழுந்து, மறுபடியும் சப்பாத்திலிருந்து தொடங்கினேன். சம்பந்தி அம்மா இதையெல்லாம் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கனடாக்காரர்கள் இப்படித்தான் வெளியே போவார்கள்போல என்று நினைத்திருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியமாகப் புறப்பட்டவனை ‘எங்கே போகிறாய்’ என்று எங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் போன காரியம் கெட்டுவிடும். கேட்காமலும் இருக்கமுடியாத ஆட்கள் ‘துலைக்கோ?’ என்பார்கள். தூரமாகவோ போகிறீர்கள் என்று அர்த்தம். ‘ஓம், கொஞ்சம் துலைக்குத்தான்’ என்று சொல்லிவிட்டு நடக்கலாம். இவரும் கேட்டதாயிற்று, அவரும் சொன்னதாயிற்று. யாரும் யாரிடமும் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. தப்பித் தவறி யாராவது நேரே கேட்டுவிட்டால் பரிகாரம் உண்டு: வீட்டுக்குள் திரும்பி, இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்படவேண்டும். நான் படித்தவன்தான். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்து அளந்தவன். இது மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தண்ணீர் குடிக்கிறேன்.

சம்பந்தி அம்மாவின் ஊர் பலாவ். பசிபிக் சமுத்திரத்தில் முந்நூற்றுச் சொச்சம் தீவுகள்; நாடு முழுவதையும் கூட்டினாலும் இருபதினாயிரம் பேர் தேறாது. அதில் ஒருத்தி கனடாவுக்குப் படிக்க வந்து, என் மகன் வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, அவனிடமே தமிழ் படித்து, அவனையே கலியாணமும் செய்துகொண்டாள். முதல் பிள்ளை பிறந்ததும் தாயார் ஐந்து மாதத்துக்கு வந்தார். கொரோர் என்ற ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் குழந்தை இருக்கும் இடத்தில் அவர் வாயில் ஆங்கிலம் வராது. பிள்ளையின் காதில் எங்கள் மொழி விழவேண்டும் என்பார். குழந்தை எப்போதும் இருந்தபடியால், வீட்டில் எப்போதும் பலாவ் மொழிதான்.

என் மனைவியும் அவரும் மூன்றாம் நாளே கூட்டாகிவிட்டார்கள். இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் பிள்ளைப்பெற்றவள் குளிக்கவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். எந்த இலை என்பதில்தான் தகராறு. கடைசியில் இரண்டு இலைகளையும் போட்டார்கள். குளித்து வந்த மருமகள், தன்னை சூப் வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

எனக்குத்தான் நிம்மதியில்லை. அந்த மனுசி ஒரு நாளும் தவறாமல் கேட்டார். பால் வாங்கப் போனாலும் கெ மோ எர் கெர், குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போனாலும் கெ மோ எர் கெர். ஒரே வாரத்தில் பதினொரு தடவை திரும்பி வந்து இருந்தேன். குழந்தையைக் குளிக்க வார்க்கும் நேரம் பார்த்துப் புறப்பட்டேன். குளியலறையிலிருந்து கேட்டார். கராஜ் வழியாகப் போய்ப் பார்த்தேன். கராஜ் கதவு பலத்த சத்தம் போடும் சாதி. மேல் யன்னலைத் திறந்து கேட்டார்.

“இஞ்சருங்கோ, உந்தத் தண்ணி குடிக்கிற விளையாட்டை விடுங்கோ,” என்றாள் மனைவி. “உங்களுக்குச் சலக்கடுப்பு வராது, அது ஒண்டுதான் மிச்சம்.”

“நீர்தானே தண்ணி கொண்டுவந்து வைக்கிறனீர்?”

“நான் வைக்காட்டி நீங்கள் புறப்பட மாட்டியளே!”

இதை வைத்து எனக்கு அவர்களுடைய மொழியில் வெறுப்பு வந்தது என்று நினைக்கவேண்டாம். நேர்மாறு. ஒரு மொழி வீட்டுக்குள் இருந்தால் அதை எண்ணாமல் என்னால் இருக்கமுடியாது. ஒரு நாளைக்கு இரண்டு சொல் என்று கணக்கு வைத்துப் படித்தேன். அலீ என்றால் வணக்கம். சுலாங் என்றால் நன்றி. உங்ஙில் துதாவ், காலை வணக்கம். ஆம் என்பதற்கு அவர்கள் தொண்டையில் நிறுத்தி நிறுத்தி ஓ-ஓய் என்பார்கள். கேட்டால் எங்கள் ‘ஓம்’ உடைய ஒன்றுவிட்ட சகோதரம்போல இருக்கும். குழந்தைக்கு ஙலெக். இதைக் கேட்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ங, ஙா, ஙி என்று பன்னிரண்டு எழுத்தையும் பள்ளிக்கூடத்தில் கை நோக எழுதினேன். எழுபத்தைந்து வருடமாக அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் பசிபிக் சமுத்திரத்தில் வேலை கிடைத்திருக்கிறது.

எண்களில் இன்னும் வேடிக்கை. இரண்டு மணித்தியாலம் என்றால் எருங். இரண்டு பொருள் என்றால் தெப்லோங். இரண்டு ஆட்கள் என்றால் தெருங். ஆட்களை ஒரு விதமாகவும் சாமான்களை ஒரு விதமாகவும் எண்ணுகிறார்கள். நாங்களும் இருவர், மூவர் என்று சொல்லுகிறவர்கள்தானே என்று பெருமைப்பட்டேன். மனைவி, “ஆனா நீங்கள் ஆக்களையும் சாமான் மாதிரித்தானே எண்ணுறனீங்கள்” என்றாள்.

வேறு ஒற்றுமையும் கண்டேன். சப்பாத்து, கதிரை, கந்தோர் என்றெல்லாம் எங்களிடம் வந்தவன் விட்டுவிட்டுப் போன சொற்கள் இருப்பதுபோல, அவர்களிடம் ஜப்பான்காரன் விட்டுவிட்டுப் போனவை இருக்கின்றன. கார் என்றால் சிடோசியா. மின்சாரம் டெங்கி. வந்தவர்கள் போய்விடுகிறார்கள், கதிரை போவதில்லை.

சம்பந்தி அம்மா என்னை ருபாக் என்று கூப்பிடுவார். முதியவர் என்று அர்த்தம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அது அவர்களுடைய ஊரில் பெரிய மனிதர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல் என்று மருமகள் சொன்ன பிறகு, மனைவியையும் அப்படிக் கூப்பிடச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

மனதைப் பற்றிய சொற்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ரெங் என்றால் மனம், நெஞ்சு. கோபமா, உன் நெஞ்சுக்கு வேர்க்கிறது என்பார்கள். பொறுமையா, நெஞ்சு பெரிது. ஒரு நாள் நான் யன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தி அம்மா என்னைப் பார்த்து, “சுவெபெக் அ ரெங்ஙும், ருபாக்” என்றார். உங்கள் நெஞ்சு பறக்கிறது. கவலைப்படுகிறீர்கள் என்பதை அப்படிச் சொல்வார்களாம். எண்பது வயதுவரை என்னைப் பதட்டக்காரன், அரியண்டம் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பறவை வைத்திருப்பவன்போலச் சொன்னது இவர் ஒருவர்தான்.

நெஞ்சு பறந்ததற்குக் காரணம் இருந்தது. அடுத்த மாதம் எனக்கு எண்பது முடிகிறது. இங்கே எண்பது ஆனவர்கள் கார் ஓட்டும் அனுமதியைப் புதுப்பிக்கப் போய் ஒரு வகுப்பில் இருக்கவேண்டும். கண்ணைப் பார்ப்பார்கள். தாளில் மணிக்கூடு கீறச் சொல்வார்கள். எழுத்துக் கூட்டத்துக்குள் ஒரு எழுத்தை மட்டும் தேடி வெட்டச் சொல்வார்கள். சரிவராவிட்டால் கார் ஓட்டமுடியாது. மனைவிக்கு இரண்டு முழங்காலும் சத்திரசிகிச்சை செய்தது. பஸ் படியில் ஏற அவளால் முடியாது. மகனுக்கும் மருமகளுக்கும் மாறி மாறி ஷிப்ட். கோயிலுக்கோ, மல்வேர்னில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்கோ, முழங்கால் பயிற்சிக்கோ அவள் போவதென்றால் நான் ஓட்டவேண்டும். அந்தக் கார் இருக்கும்வரை நாங்கள் இருவரும் யாரையும் ‘நேரம் இருக்கோ’ என்று கேட்காமல் இருக்கலாம். எனக்குப் பயம் அது ஒன்றில்தான்.

வகுப்பு நாள் வந்தது. ஒன்பதரைக்குத் தொடக்கம். எட்டரைக்கே கதவடியில் நின்றேன். சம்பந்தி அம்மா படியில் இறங்கி வந்தார். நான் கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தேன். அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“அலீ, ருபாக்! கெ மோ எர் கெர்?”

வந்து இருந்தேன். தண்ணீர் குடித்தேன். எழுந்தேன். இன்றைக்கு ஒரு மிடறு காணாது என்று தோன்றியது, சின்னக் காரியமில்லையே. மறுபடியும் இருந்தேன். சாமிப் படத்தடியில் போய்த் திருநீறு பூசினேன். பூசியது சட்டையில் கொட்டியது. சட்டை மாற்றினேன். ஒரு வழியாகக் காரை எடுத்தால், தெருவில் பனி வழிக்கும் வண்டி ஆமைபோல முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்டபத்துக்குப் போய்ச் சேர ஒன்பது முப்பத்தொன்பது. கதவு பூட்டியிருந்தது. வகுப்புத் தொடங்கினால் யாரையும் உள்ளே விடுவதில்லையாம். மேசையில் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையாகச் சொன்னாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் தந்தாள். என் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முந்தி. அதையும் விட்டால் காரைக் கராஜில் வைத்துப் பூட்டவேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். மனைவி சொல்லிவிட்டாள். மருமகளிடம், அதுவும் எனக்கு முன்னாலேயே.

“உங்கட மாமாவுக்கு அம்மா கேட்டதால காரியம் பிழைச்சதாம். காரியம் பிழைச்சது அம்மாவால இல்லை பிள்ளை, தண்ணியால.”

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “ஐயோ மாமா, why didn’t you tell us?” என்றாள். தாயிடம் போய் நெடுநேரம் பேசினாள். அறைக்குள் அவர்கள் பேசியதில் எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நாற்பத்துநான்கு சொற்கள் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து சம்பந்தி அம்மா கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் சாதாரணமாகக் கேட்காமல் விடவில்லை. நான் சப்பாத்தைத் தொட்டவுடன் எழுந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். கோப்பை கழுவுவார். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவுவார். மருமகள் பிறகு சொன்னாள்: அவர்களுடைய ஊரில் வாசலைக் கடந்து போகும் ஒருவனை எங்கே போகிறாய் என்று கேட்காமல் விடுவது, அவனைக் காணாததுபோல இருப்பதாம். கோபக்காரர்களுக்குத்தான் அப்படிச் செய்வார்களாம். அம்மா எனக்காக அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு செய்கிறாவாம்.

நான் விரும்பினது நடந்துவிட்டது. தடையில்லாமல் வெளியே போனேன், வந்தேன். தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் காருக்குள் போய் இருந்ததும் எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்ததுபோல இருக்கும். கண்ணாடி இருக்கிறது, பேர்ஸ் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது, மூக்குத் துடைக்கும் லேஞ்சி இருக்கிறது. நாலும் இருக்கிறது. ஆனாலும் என்னவோ விட்டுப்போயிருக்கிறது.

மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். சம்பந்தி அம்மாவுக்கு ‘துலைக்கோ’ சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் மேசையில் வெற்றிலையைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். பலாவ்காரர்கள் எங்களைவிடப் பெரிய வெற்றிலைக்காரர்கள். பாக்கு அவர்களுக்குப் புவூச், வெற்றிலை கெபுய். ஆனால் பச்சைப் பாக்குத்தான் வேண்டும். எங்கள் கடையில் வாங்கிய காய்ந்த சீவலைப் போட்டுவிட்டு, மரப்பலகையை மெல்லுகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, குழந்தை மேலே நித்திரை என்றபடியால் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

“துலைக்கோ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?”

“ஓம் எண்டு சொல்லுவார்.”

“பிறகு எங்கே என்று சொல்வாரா?”

“அது சொல்ல மாட்டார்.”

“அப்படியானால் எதற்குக் கேட்பது?”

மனைவி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். “அது… சும்மா ஒரு இதுக்கு.”

சம்பந்தி அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். பதில் தேவையில்லாத கேள்வியைக் கேட்பது, சாப்பாடு இல்லாத கோப்பையை ஒருவர் முன்னால் வைப்பதுபோல இருக்கிறதாம். தான் முதுகைக் காட்டியே நிற்கிறேன் என்றார்.

இரண்டாவது வகுப்பு நாள். எட்டு மணிக்கே தயாராகிவிட்டேன். கோட்டு, பொத்தான், சப்பாத்து, திறப்பு. கதவைத் திறந்தேன். குளிர்காற்று உள்ளே வந்தது. சம்பந்தி அம்மா கழுவுதொட்டியைப் பார்த்தபடி நின்றார். குழாயில் தண்ணீர் ஓடவில்லை; கையில் கோப்பையும் இல்லை. சும்மா நின்றார். மனைவி கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என்னால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. எண்பது வயதுக்கு இரண்டு நாள் குறைந்த மனிதன், கேட்டதற்காக எத்தனையோ தரம் திரும்பி வந்தவன், இப்போது ஒருத்தரும் கேட்கவில்லையே என்று நின்றேன்.

“ஆக் மோ எர் அ…” என்று தொடங்கினேன். நான் போகிறேன், இன்ன இடத்துக்கு. சோதனைக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. “ஆக் மோ எர் அ எக்ஸாம்.”

அவர் திரும்பினார். முகம் முழுவதும் சிரிப்பு. “ஓ-ஓய், ருபாக்!” என்றார். பிறகு பாதி சொல்லும் பாதி சைகையுமாக, மூன்று வாரமாக அடைத்து வைத்த அத்தனையையும் கேட்டார். எங்கே அந்த மண்டபம்? எத்தனை பேர் வருவார்கள்? என்ன கேட்பார்கள்? மணிக்கூட்டில் எத்தனை மணி கீறச் சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எட்டு மணிக்கே தயாராகியிருந்தபடியால் நேரம் இருந்தது.

“இனித் தண்ணி கொண்டு வரவோ?” என்றாள் மனைவி.

“வேண்டாம்,” என்றேன். “போட்டு வாறன்.”

வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். ஆட்கள் ஒன்பது என்றால் தெதியு என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். எழுத்து வெட்டும் தாளைத் தந்தார்கள். ஒரு எழுத்துக் கூட்டத்துக்குள் ஒன்றை மட்டும் தேடி எண்ணுவது என் வாழ்நாள் வேலை. முடித்துவிட்டு இரண்டாந்தரமும் சரிபார்த்தேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் என்னைப் பொறாமையோடு பார்த்தார். மணிக்கூட்டுக்கு இரண்டு முள்ளையும் போட்டேன். கண் பரிசோதனையிலும் தப்பிவிட்டேன். எல்லாம் சரி, போகலாம் என்றார்கள். உண்மையாகவோ என்று இன்னொருதரம் கேட்டேன். உண்மையாகத்தான் என்றார்கள்.

வீட்டுக் கதவைத் திறக்கமுன்னமே கேள்வி வந்துவிட்டது. “கெ ம்லே எர் கெர்?” எங்கிருந்து வருகிறீர்கள். திரும்பி வந்தவனைக் கேட்க எங்களில் எந்தத் தடையும் இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி முள்வரை சொன்னேன். மனைவி நடுவில் எழுந்து போய், தன் தங்கைக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கோடையில் சம்பந்தி அம்மா ஊருக்குப் போனார். விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். மகன் தான் ஓட்டுகிறேன் என்றான், விடவில்லை. என் சிடோசியா, என் அனுமதி. பக்கத்தில் சம்பந்தி அம்மா, பின்னுக்கு மனைவியும் மருமகளும், நடுவில் ஙலெக். மகன் பெட்டிகளோடு தன் காரில் பின்னால் வந்தான்.

உள்ளே போகும் வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னிடம் வந்தார். இருநூற்று அறுபத்தொரு சொல் தெரிந்தும், அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

“கெ மோ எர் கெர்?”

“ஐயோ!” என்று மனைவி பின்னால் கத்தினாள். “பிளேன் ஏறப் போற மனுசியை!”

சம்பந்தி அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு முறையாகப் பதில் சொன்னார், ஒன்றும் விடாமல். இங்கிருந்து இன்ன இடம், அங்கிருந்து ஹொனலூலு, பிறகு குவாம், பிறகு கொரோர், அங்கிருந்து அக்காவின் மகனுடைய காரில் வீடு, வீட்டில் முதல் வேலையாக ஒரு பச்சைப் பாக்கு. நான்கு விமானம், ஒரு கார், ஒரு பாக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் சொல்லி முடிக்கவும் பலகையில் எழுத்து மாறியது. முதல் விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்துகிறது.

“நான் சொன்னனான் எல்லே!” என்றாள் மனைவி. குரலில் கவலையைவிடச் சந்தோஷம்தான் கூட இருந்தது. சம்பந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினாள். பையிலிருந்து வெற்றிலைச் சரையை எடுத்தாள். விமான நிலையத்தில் துப்பமுடியாது என்று மருமகள் மெல்லச் சொன்னாள். சும்மா மணந்து பார்ப்போம் என்றார்கள் இரண்டு பேரும். குழந்தை சம்பந்தி அம்மாவின் மடியில் நித்திரையாகிவிட்டது. எருங், எருங் என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு விரைவாக ஓடிய இரண்டு மணித்தியாலத்தை நான் கண்டதில்லை.

உள்ளே போகவேண்டிய நேரம் வந்தது. சம்பந்தி அம்மா குழந்தையை மருமகளிடம் கொடுத்தார், கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, குழந்தை இருந்தும் ஆங்கிலத்தில், தபால் கந்தோரில் பேசும் குரலில் கேட்டார்: “ருபாக், இன்னொருமுறை கேட்கிறீர்களா?”

கேட்டேன். இந்தமுறை பலிக்கவில்லை.